வலைப்பதிவைப் புதுப்பிக்கக் கொடுத்தேன், முகவரியையே தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள்

சொந்த வலைப்பதிவை யாரிடமாவது கொடுத்துப் புதுசாக்கலாம் என்ற நினைப்பில் இருப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பதிமூன்று வருடம் எழுதியதில் ஒரு பகுதி எனக்குத் திரும்பிக் கிடைக்கவே இல்லை. இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது.

நான் எழுதுவது கண்மாய்களைப் பற்றி. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு போய், மடை, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு, தண்ணீரை அளவாக வெளியே விடும் குமிழித் தூம்பு என்று படம் எடுத்து, ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி வைப்பேன். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்களே, அந்த ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்தான் என் முதல் பதிவு. 2010இல் பிளாக்கரில் ஆரம்பித்தேன். 2017இல் ஒரு டாட் காம் முகவரி வாங்கி வேர்ட்பிரஸுக்கு மாறினேன். 2023 ஜூனில் மொத்தம் 412 பதிவுகள் இருந்தன.

போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, மெனு திறக்கவே மாட்டேன் என்கிறது என்று வாசகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரி, இந்த முறை காசு கொடுத்து ஒழுங்காகச் செய்துவிடுவோம் என்று ஒரு வெப் டிசைன் நிறுவனத்துக்குப் போனேன். பெயர் போடவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 18,000 ரூபாய் என்றார்கள், பாதி முன்பணம். எழுத்துப்பூர்வமாக எதுவும் கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப்தான். நான் செய்த முதல் தப்பு அது.

அவர்கள் காட்டிய டெமோ கண்ணைப் பறித்தது. ஆனால் அதில் இருந்தது அத்தனையும் ஆங்கிலம். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு என்று செய்த வடிவத்தில் தமிழைக் கொட்டினால் என்ன ஆகும் என்பது ஜூலை மூன்றாம் வாரம் புதுத் தளத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது. தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டிருந்ததால், ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. வரிகளுக்கு நடுவே இடமே இல்லாமல், மேல் வரியில் உள்ள ‘கூ’வின் வால் கீழ் வரியில் உள்ள ‘கீ’யின் தலையில் போய் இடித்தது. முகப்பில் ஐந்து பெரிய படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன, ஒன்றையும் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தார்கள். கண்மாய்க்கரையில் நின்று என் போனில் திறந்தால் முதல் படம் வருவதற்குள் பொறுமை போய்விட்டது. போனில் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே போனேன்? கேட்டதற்கு, வேகப்படுத்துவதற்குத் தனியாக 4,000 ஆகும் சார் என்றார்கள். கொடுத்தேன். அதனால் டெமோ கேட்பவர்கள், உங்களுடைய நீளமான பதிவு ஒன்றை அப்படியே கொடுத்து, அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதையும் போனில் பாருங்கள். நோட்டோ, முக்தா மலர், கேட்டமரன் மாதிரி தமிழுக்கென்றே அமைந்த எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டு, வரிக்கு வரி தாராளமாக இடம் விடச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வடிவத்தையாவது பிறகு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே நடந்ததுதான் பெரிய நஷ்டம்.

பழைய சர்வர் மெதுவாக இருக்கிறது, எங்கள் சர்வருக்கே மாற்றிவிடுகிறோம், வருடத்துக்கு 6,500 என்றார்கள். மாற்றினார்கள். முகப்பில் புதிய பத்துப் பதிவுகள் ஒழுங்காகத்தான் இருந்தன (அவற்றை மட்டும் கையால் ஒட்டியிருக்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது). மறுநாள் ஒரு பழைய பதிவைத் திறந்தால் பக்கம் முழுக்க, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியுமாக வரிசைவரிசையாக நின்றது. ஒரு தமிழ் எழுத்து கூட இல்லை. போன் போட்டேன். ‘ரெண்டு நாள்ல சரியாயிடும் சார், டென்ஷன் ஆகாதீங்க’ என்றார் அந்த நிறுவனத்துப் பையன். இரண்டு நாளில் அது மாறியது. அந்தக் கிறுக்கல் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. 412 பதிவுகளைத் திறந்தாலும் பத்தைத் தவிர எல்லாவற்றிலும் கேள்விக்குறிதான்.

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் தம்பி மகன் வந்து பார்த்துவிட்டு விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. யூ.டி.எஃப்-8 முறையில் ‘க’ என்ற ஒரு எழுத்தைச் சேமிக்க மூன்று பைட் ஆகும். அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்காமல், ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய லத்தீன் முறையில் தனித்தனி எழுத்தாகப் படித்தால் முதலில் பார்த்த கிறுக்கல் வரும். ‘அதோட நிறுத்தியிருந்தா திரும்ப எடுத்திருக்கலாம் பெரியப்பா’ என்றான். பைட்டுகள் கெடவில்லை, படித்த விதம்தான் தப்பு. சரிசெய்கிறேன் என்று தமிழே கொள்ளாத அட்டவணையில் அதை மறுபடி எழுதியபோது, தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறியைப் போட்டுவிட்டது டேட்டாபேஸ். கேள்விக்குறியிலிருந்து ‘க’வா ‘ச’வா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பழைய சர்வரில் பிரதி இருக்குமே என்றுதானே கேட்பீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன். ‘டபுள் செலவு எதுக்கு சார்னு அன்னைக்கே கேன்சல் பண்ணிட்டோம்’ என்றார்கள். என்னிடமும் பிரதி இல்லை. வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதிக்குள் போய் ஏற்றுமதி என்பதை அழுத்தினால் எல்லாப் பதிவும் பின்னூட்டமும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இறங்கிவிடும், இரண்டு நிமிட வேலை. படங்கள் அதற்குள் வராது, அவற்றின் முகவரி மட்டும்தான் இருக்கும், அதனால் அப்லோட்ஸ் என்ற கோப்புறையைத் தனியாக இறக்க வேண்டும். யாரிடமும் கடவுச்சொல்லைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி இந்த இரண்டையும் இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். எனக்கு இது தெரிந்தபோது என் இடது பக்க மெனுவில் தோற்றம், செருகுநிரல், பயனர்கள் எதுவுமே இல்லை. ஏற்றுமதியும் இல்லை. என் தளத்திலேயே என்னை நிர்வாகி நிலையிலிருந்து எடிட்டராக இறக்கியிருந்தார்கள்.

அடுத்தது முகவரி. ஆகஸ்டில் டாட் காமைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நாங்களே கட்டிவிடுகிறோம், லாகின் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். அன்று சாயங்காலம் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உடனே போன்: ‘சார், ஒரு மெயில் வந்திருக்கும், அப்ரூவ்னு ஒரு பட்டன் இருக்கும், அதை மட்டும் க்ளிக் பண்ணுங்க.’ பஸ்ஸில் நின்றுகொண்டே அழுத்தினேன். படிக்கவில்லை. அது புதுப்பிப்பதற்கான ஒப்புதல் இல்லை, பதிவு உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கான ஒப்புதல். அந்த ஒரு அழுத்தலில் ஆறு வருடமாக என் பெயரில் இருந்த முகவரி அவர்கள் நிறுவனத்தின் பெயருக்குப் போய்விட்டது. உரிமையாளர் மாறினால் 60 நாளைக்கு, முகவரிகளை விற்றுப் பதிவு செய்து தரும் வேறு பதிவாளரிடம் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழும். அதுவும் விழுந்தது. உங்கள் முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று அதை வாங்கிய கணக்கிலேயே போய் இன்றைக்கே பாருங்கள். பெயர், மின்னஞ்சல், போன் எண் மூன்றும் உங்களுடையதாக இருக்க வேண்டும். டிசைன் செய்பவருக்கு அந்தக் கணக்கின் லாகின் தேவையே இல்லை. எந்த சர்வருக்குத் திருப்ப வேண்டும் என்று இரண்டு வரியை அவர் எழுதிக் கொடுத்தால் நீங்களே மாற்றிவிடலாம்.

செப்டம்பரில் கூகுளில் என் தளத்தின் பெயரைத் தேடினால் தலைப்புக்குக் கீழே ஏதோ சூதாட்ட விளம்பர வரிகள் வந்தன. தளத்தைத் திறந்து பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவைத்தான் தீம் என்பார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமின் பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்புவார்கள், அதற்குள்ளேயே இந்த மாதிரிக் கள்ளக் கதவும் இருக்கும். எனக்குப் போட்டது அப்படி ஒன்று. பில்லில் மட்டும் ‘பிரீமியம் தீம்’ என்று எழுதியிருந்தார்கள். தீமின் ரசீதும் உரிமச் சாவியும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரவில்லை என்றால் ஏற்காதீர்கள். கூகுளில் முதல் பக்கத்தில் கொண்டுவருவோம் என்று வேறு சொல்லியிருந்தார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

இணைப்பு முகவரிகளையும் மாற்றிவிட்டார்கள். வருடம், மாதம், தலைப்பு என்று இருந்ததெல்லாம் வேறு மாதிரி ஆகி, பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 ஏற்பாடும் செய்யவில்லை. ஒரு ஆய்வு மாணவி என் பதிவு இரண்டைத் தன் ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகக் கொடுத்திருந்தார், இணைப்பு வேலை செய்யவில்லையே சார் என்று அவரே எழுதிக் கேட்டார். பதில் எழுதவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், என் முகவரியை மட்டும் என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். 12,000 கேட்டார்கள். ‘ரிலீஸ் சார்ஜ்’ என்று அதற்குப் பெயர். அதுவரை 28,500 கொடுத்தாகிவிட்டது.

கொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். 2017இலிருந்து முகவரிக்கு நான் கட்டிய ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ விவரம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அச்செடுத்து, தெரிந்த வக்கீல் மூலமாக நோட்டீஸ் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதை அந்த நோட்டீஸிலேயே எழுதச் சொன்னேன். போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் முகவரியை என் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பணம் வரவில்லை. அதற்கான புகார் இன்னும் நடப்பில் இருக்கிறது, பெயரை எழுதாததற்கு அதுதான் காரணம்.

இப்போது தளம் மறுபடி நிற்கிறது. இலவச தீம், ஓடும் படம் எதுவும் இல்லை, போனில் நன்றாகத் தெரிகிறது. 2017க்கு முந்தைய 260 பதிவுகள் பழைய பிளாக்கரில் மூடி வைத்தபடியே இருந்தன, நல்லவேளை அழிக்கவில்லை. மீதி 152இல் 84 பதிவுகளை இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தோம். அந்தக் கேள்விக்குறிக் கூட்டத்துக்குப் பிறகு அங்கே தமிழைப் பார்த்ததும் நானும் என் தம்பி மகனும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். 31 என் கம்ப்யூட்டரில் வேர்ட் கோப்பாக இருந்தன. 37 போனது போனதுதான். 2018 முதல் 2022 வரை சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி நான் எழுதிய எதையாவது யாராவது அச்செடுத்தோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ வைத்திருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.

அதில் ஒரு பதிவின் கீழே, 2019இல், ஒரு ஊரின் நீர்ப்பாய்ச்சி, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுபவர், தன் பேரனைத் தட்டச்சு செய்ய வைத்து ஒரு பின்னூட்டம் போட்டிருந்தார். அவர்கள் கண்மாயின் பதினான்கு மடைகளின் பெயரும் தெற்கிலிருந்து வடக்காக, எந்த மடையில் தண்ணீர் முதலில் திறக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. அவர் 2021இல் இறந்துவிட்டார். வேபேக்கில் அந்தப் பக்கம் இல்லை. போன மாதம் அந்த ஊருக்குப் போய் பேரனைப் பார்த்தேன். கரையில் நடந்துகொண்டே யோசித்து யோசித்துச் சொன்னார். ஒன்பது பெயர்தான் அவருக்கு நினைவிருக்கிறது.