போர்ட்டல் சிரைக்குள் புகுந்த கல்லீரல் புற்று: கதிர்வீச்சா, சோராஃபெனிப் மாத்திரையா?

கல்லீரல் புற்று, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள் புகுந்துவிட்டால், புற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் சோராஃபெனிப் மாத்திரையே நெடுங்காலம் முதல் சிகிச்சையாக இருந்தது. சியோலின் அசான் மருத்துவ மையம், 2013 முதல் 2016 வரை நடத்திய ஆய்வில், கல்லீரலுக்கு வெளியே நோய் பரவாத, கல்லீரல் இயக்கம் நன்றாக இருந்த 90 பேரை இரு சமப் பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இம்மாத்திரையையும், மற்றவர்களுக்குக் கல்லீரல் தமனி வழியே மருந்து செலுத்தி அத்தமனியை அடைக்கும் டேஸ் சிகிச்சையுடன் சிரையிலுள்ள கட்டியைக் குறிவைத்த கதிர்வீச்சையும் அளித்தது.

12 வார முடிவில் நோய் முற்றாமல் இருந்தோர் கதிர்வீச்சுப் பிரிவில் 86.7 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 34.3 சதவீதம், இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் உயிருடன் இருந்த கால அளவு) முறையே 55, 43 வாரங்கள். ஆயுட்கால வேறுபாட்டைவிட என்னை ஈர்ப்பது, கதிர்வீச்சுப் பிரிவில் 5 பேருக்கு நோயின் தீவிரம் குறைந்து, நோயைக் குணப்படுத்தும் நோக்கிலான அறுவைச் சிகிச்சை செய்ய முடிந்தது என்பதே.

மாத்திரையை வீட்டிலேயே உட்கொள்ளலாம். ஆனால் வயிற்றுப்போக்கும் உள்ளங்கை, உள்ளங்கால் புண்ணும் பலரை வாட்டும். கதிர்வீச்சுக்கோ மருத்துவமனைக்கு அலைய வேண்டும். கல்லீரல் ஏற்கெனவே நலிந்திருந்தால் அதுவே ஆபத்தாகலாம்.

இவ்வொப்பீட்டுக்கு ஒரு வரம்பும் உண்டு: 2020இல் வெளியான ஆய்வில் அட்டெசோலிசுமாப் (நோயெதிர்ப்பைத் தூண்டுவது), பெவாசிசுமாப் (கட்டிக்குப் புது இரத்தக்குழாய் வளர்வதைத் தடுப்பது) கூட்டு மருந்து சோராஃபெனிபை விஞ்சிவிட்டதால், இன்று கதிர்வீச்சின் பயனை அந்தக் கூட்டு மருந்தோடுதான் எடைபோட வேண்டும்.