செல் வளர்க்கும் வேலை: பல்கலைக்கழக லேபா, கம்பெனியா?

எம்.எஸ்ஸி. பயோடெக் முடித்த என் சித்தி மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு. ஒன்று, பல்கலைக்கழக செல் உயிரியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை. இன்னொன்று, பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் க்யூசி பிரிவு, அதாவது தரச் சோதனை. "எதுலக்கா சேரட்டும்?" என்று கேட்டாள். நான் இரண்டிலும் வேலை பார்த்தவள். அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

சம்பளப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். கம்பெனியில் மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், பி.எஃப். உண்டு. பல்கலைக்கழகத்தில் இது பெரும்பாலும் புராஜெக்ட் வேலை. புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. நிதி வரத் தாமதமானால் சம்பளமும் தாமதம்தான். எனக்கு ஒருமுறை மூன்று மாதம் வரவில்லை, விடுதிக் கட்டணத்துக்கு அப்பாவிடம் கேட்டேன். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) தொகை மாதம் 37,000 ரூபாய். அது நெட், கேட் மாதிரித் தேர்வில் தேறி ஆய்வுக்கு வருபவர்களுக்கு; டெக்னீஷியனுக்கும் அதே தொகை என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் கம்பெனிதான், வேறு யோசனை வேண்டாம்.

அந்தக் கட்டாயம் இல்லையென்றால் நான் பல்கலைக்கழகத்தைத்தான் சொல்வேன். காரணம், கை பழகுவது.

இரண்டு இடத்திலும் இன்குபேட்டர் ஒன்றுதான்: 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் கம்பெனியில் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு சோதனை. எழுதி வைத்த முறைப்படி அதையே மாதக்கணக்கில் செய்தேன். பல்கலைக்கழகத்தில் மீடியா (செல் வளரும் சத்துக் கரைசல்) கலக்குவது, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் போடுவது, செல்லைப் பிரித்து வளர்ப்பது, திரவ நைட்ரஜன் டேங்கை நிரப்புவது எல்லாமே ஒரே ஆள். காலையில் ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்ததும் மீடியாவின் நிறத்தைப் பார்க்கப் பழகுவோம். சிவப்பாக இருந்தால் சரி. மஞ்சளாகிக் கலங்கியிருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. ஊதாப் பக்கம் போயிருந்தால் சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்திருக்கலாம். ஒரு ஞாயிறு மதியம் அப்படித்தான் தீர்ந்தது. அன்று லேபுக்குப் போனதால் தப்பித்தோம். செல்லுக்கு லீவு கிடையாது, நமக்கும் அதனால் கிடையாது.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு ஸ்காலரின் (ஆய்வு மாணவியின்) மூன்று வார வேலை என் கையால் போனது. பிப்பெட் முனை பாட்டிலின் வாயில் பட்டதை நான் கவனிக்கவில்லை. அந்த அக்கா திட்டவில்லை. ஹூட்டில் (கிருமி புகாமல் வேலை செய்யும் காற்றுப் பெட்டி) என் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியை எப்படிப் பிடிப்பது, திறந்த பாட்டிலுக்கு மேலே கை போகாமல் எப்படி வேலை செய்வது என்று ஒரு மணி நேரம் காட்டினார். என் கை இன்றும் அப்படித்தான் போகிறது.

கம்பெனி கற்றுக்கொடுத்தது வேறு: எழுதுவது. தப்பாக எழுதிய எண்ணை ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். எந்த செல் எந்த வங்கியிலிருந்து (செல்லை உறையவைத்த சேமிப்பு) வந்தது, எத்தனையாவது பாஸேஜ் (பிரித்து வளர்த்த தடவை) என்பதற்கெல்லாம் தாள் இருக்கும். நான் இருந்த பல்கலைக்கழக லேபில் இந்த ஒழுங்கு இல்லை, அது பெரிய குறைதான். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்பவரின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும். ஒரு துளி வேறு ஃபிளாஸ்க்கில் விழுந்தாலும் சில வாரங்களில் அதுவே நிறைந்துவிடும். உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வுகள் இப்படி வேறு செல்லில் நடந்து வீணாகியிருக்கின்றன. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இன்னும் மோசம்: மீடியா கலங்காது, செல் சுவர் இல்லாததால் பென்சிலினும் வேலை செய்யாது. தனியாகச் சோதித்தால்தான் தெரியும். அதனால் லேபில் சேர்ந்தாலும் கம்பெனிக்காரர் மாதிரி நோட்டு எழுதச் சொன்னேன். ஒவ்வொரு செல்லுக்கும் தனி மீடியா பாட்டில், மூடியில் பெயரும் தேதியும்.

சேரும் முன் லேபில், "முதல் மாதம் ஹூட்டில் என்கூட யார் உட்காருவாங்க?" என்று கேட்கச் சொன்னேன். பதில் தெளிவாக வராவிட்டால் பெங்களூருக்கே போகலாம். அங்கேயும் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். க்யூசி என்று எடுத்துவிட்டு, செல் பக்கமே விடாமல் தண்ணீர் மாதிரிகளை மட்டும் சோதிக்க வைக்கும் இடங்களும் உண்டு.

நேற்று லேபுக்கு போன் செய்து கேட்டிருக்கிறாள். நான்கு வருட அனுபவம் உள்ள ஒரு ஸ்காலர் சொல்லிக்கொடுப்பாராம். திங்கட்கிழமை சேர்கிறாள்.