அகல்விளக்கு: கோந்து விட்டுப்போன பதிப்பும் நைனாவின் பென்சிலும்

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மு. வரதராசன் எழுதிய ‘அகல்விளக்கு’ நாவல், இப்போது கிடைக்கிற மறுபதிப்பு ஒன்று. நான் வாங்கியபோது ஆன்லைனில் 240 ரூபாய், தபால் செலவு தனி. எந்தப் பதிப்பகம் என்று எழுதப் போவதில்லை. அவர்களை மட்டும் சொல்லிப் பிரயோசனமும் இல்லை, முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் போடுகிறார்கள்.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸும் பைண்டிங்கும் செய்து பிழைப்பவள் நான். கையில் ஒரு புத்தகம் வந்தால் கதையைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. இந்தப் புத்தகத்தின் முதுகு வாங்கிய இரண்டாம் நாள் எழுபதாவது பக்கத்தில் ‘டப்’ என்று சத்தம் போட்டது. நாலாம் நாள் அந்தப் பக்கமே கையோடு வந்துவிட்டது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. பதினாறு பதினாறு பக்கமாக மடித்த பாரங்களை அடுக்கி, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நூல் கொடுத்துத் தைப்பதுதான் பழைய முறை. இப்போது அந்த மடிப்பை மிஷினில் சீவித் தள்ளிவிட்டு, சுடச்சுடக் கோந்தைத் தடவி அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். நல்ல கோந்தாக இருந்து சரியாகத் தடவினால் அதுவும் உழைக்கும். இதில் மெல்லிசாகத் தடவியிருக்கிறார்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், தகர ஷீட்டுக்குக் கீழே இருக்கிற என் கடை மாதிரி இடத்தில், அந்தக் கோந்து முதலில் இளகும், அப்புறம் காய்ந்து பட்டாணித் தோல் மாதிரி உதிரும்.

தாள் பரவாயில்லை, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியவில்லை. எழுத்து சின்னது, ஐம்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். உள் மார்ஜின் அரை இஞ்சுகூட இல்லாததால் புத்தகத்தை அழுத்திப் பிரித்தால்தான் வரியின் கடைசி எழுத்து தெரிகிறது, அழுத்தினால் முதுகு போய்விடுகிறது. அச்சுப்பிழைகளும் உண்டு. ஓரிடத்தில் ‘பாலறு’ என்று போட்டிருந்தது. பாலாற்றுக்குத்தான் தண்ணீர் இல்லை என்று பார்த்தால் காலும் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

சரி, இவ்வளவு குறை சொல்கிறவள் ஏன் வாங்கினேன் என்றால், வீட்டில் இருப்பது எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், பிரதி. எழுபதுகளில் வாங்கியது, தைத்த புத்தகம். ஐம்பது வருஷம் ஆகியும் ஒரு பாரம்கூட நகரவில்லை. ஆனால் தாள் பழுத்து, திருப்பினால் மூலை ஒடிகிறது. அதைப் படிக்கப் பயம். படிப்பதற்குப் புதுசு, வைத்துக்கொள்ளப் பழசு என்று முடிவு செய்தேன்.

மு.வ. எங்கள் பக்கத்து மனிதர். 1912இல் திருப்பத்தூரில் பிறந்தவர், வாலாஜாவுக்கு அந்தப்புறம் இருக்கிற வேலம் கிராமத்தில் வளர்ந்தவர். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்து, பிறகு தமிழ் வாத்தியாராகி, பச்சையப்பன் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் என்று போய், கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது 1974இல் மறைந்தார். அன்றைக்கு எல்லாம் ஒரே வட ஆற்காடு. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்த பிறகு பிறந்தது ஒரு மாவட்டம், வளர்ந்தது ஒரு மாவட்டம் ஆகிவிட்டது. வேலூர்க்காரர்கள் சொந்தம் கொண்டாட வழியில்லை. நான் கொண்டாடுகிறேன்.

நாவல் வந்தது 1958இல், சாகித்திய அகாதமி பரிசு 1961இல். கதை சொல்கிற வேலய்யன் வாலாஜாக்காரன், சுமாரான பையன், சுமாராகப் படிப்பவன். அவன் சிநேகிதன் சந்திரன் பெருங்காஞ்சி ஊரிலிருந்து படிக்க வருகிறவன். அழகு, மூளை, பேச்சு எல்லாம் அவனிடம்தான். மின்னல் ஒன்று, அகல்விளக்கு ஒன்று. யார் எது, எது நிலைக்கும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும், இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

பாலாறும் வாலாஜாவும் பெருங்காஞ்சியும் ஒரு நாவலில் பெயரோடு வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மயிர் கூச்செறிகிறது. தஞ்சாவூர்க்காரர்களுக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கும் இது புரியாது, அவர்கள் ஆறுகள் எல்லாம் கதைக்குள்ளேயே ஓடுகின்றன. நாங்கள் மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது வேலூரே பாலத்தின் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. கடையைச் சாத்திவிட்டு நானும்தான் போனேன்.

ஆனால் ஆட்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே! வாலாஜா பக்கத்துப் பையன்கள் இருவர் தனியாக இருக்கும்போதும் இலக்கணச் சுத்தமாகவே பேசிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் ‘இன்னாப்பா’, ‘வந்துகினு கீறேன்’ இல்லாமல் சிநேகிதமே கிடையாது. மு.வ.வுக்கு இது தெரியாமல் இருக்குமா, வேலத்துப் பிள்ளைக்கு? தெரிந்தேதான் விட்டிருக்கிறார். அந்தக் காலத் தமிழ் வாத்தியார்களுக்கு ஒரு வைராக்கியம். முதல் ஐம்பது பக்கம் இது உறுத்தும், அப்புறம் பழகிவிடும்.

இன்னொன்று, உபதேசம். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் உட்கார்ந்து வாழ்க்கை, ஒழுக்கம், சமுதாயம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குக் கல்யாணம் ஆனபோது நைனா மு.வ.வின் ‘தங்கைக்கு’ கடித நூலைக் கையில் கொடுத்தார். படிக்கப் படிக்க, கூடப்பிறக்காத அண்ணன் ஒருவர் மணமேடையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொல்வது போல இருந்தது. பாதியில் மூடி வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு ‘தம்பிக்கு’வும் சேர்த்துக் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

இந்த நாவலில் அந்த அறிவுரையைப் பொறுத்துக்கொள்ள முடிவது எங்கே என்றால், காதலைப் பற்றி வருகிற இடத்தில். கல்லூரியில் இமாவதி என்ற பெண் சந்திரனிடம் நட்பாகப் பழகுகிறாள். அவன் அதைக் காதல் என்று தனக்குத்தானே கட்டிக்கொள்கிறான். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்றதும் உடைந்துபோகிறான். 1958இல் எழுதுகிற ஒருவர் அந்தப் பெண்ணின் மேல் பழியைப் போடுவது ரொம்பச் சுலபம். சிரித்துப் பேசினாள், ஏமாற்றிவிட்டாள் என்று இரண்டு வரி போதும். மு.வ. அதைச் செய்யவில்லை. சிரித்துப் பேசினால் அது காதலாகத்தான் இருக்க வேண்டுமா என்று பையனைப் பார்த்துத்தான் கேள்வி. என் கடைக்குப் புராஜெக்ட் பைண்டிங்குக்கு வருகிற காலேஜ் பையன்கள் ஸ்பைரல் போடுகிற பத்து நிமிஷத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டால், இந்தப் பகுதியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுக்கலாம் போல இருக்கும்.

இனி நான் இதை எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சந்திரன் வழி தவறிப் போகிறான். கடைசியில் அவனைப் பெருநோய் பிடிக்கிறது. பெருநோய் என்றால் தொழுநோய். அவன் நடந்த நடத்தைக்குக் கிடைத்த கூலி போலத்தான் அது படிக்கிறவர் மனசில் போய் விழுகிறது.

எங்கள் நைனா தொழுநோய் ஆய்வாளர். ஊரில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள், ‘குஷ்டரோக இன்ஸ்பெக்டர்’ என்பார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கு சைக்கிளில் போவார். சட்டைப் பையில் பஞ்சுத் துணுக்கு ஒன்று எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, தேமல் மாதிரி வெளுத்த இடம் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி அந்தப் பஞ்சால் தொடுவார். தொட்டது தெரிந்தால் தேமல், தெரியவில்லை என்றால் நோட்டில் பெயர் ஏறும். எங்களுக்குப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அவர் உத்தியோகத்தைக் கேட்டுவிட்டு காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அவருக்கு மு.வ. என்றால் உயிர். திருக்குறள் தெளிவுரையின் சின்ன சைஸ் புத்தகம் சைக்கிள் பையிலேயே இருக்கும். அப்படிப்பட்டவர் இந்த நாவலில் அந்த நோய் வருகிற பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பதை அவர் போன பிறகுதான் பார்த்தேன். பொடி எழுத்தில், ஆபீஸ் ரெஜிஸ்டரில் எழுதுகிற அதே கையெழுத்து: ‘பாவம் அல்ல. கிருமி. குணமாகும்.’ கீழே ஒரு கோடு. அதற்கும் கீழே, ‘ஐயா அறியாததல்லவே?’

அந்தக் கடைசி வரியில் அவர் மரியாதையை விடவில்லை பாருங்கள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை, எனக்குக் கோபம் வந்தது. நாவல் வெளிவந்த 1958இல் தொழுநோய்க்கான டாப்சோன் மாத்திரை புழக்கத்தில் இருந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கிவிட்டார். விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் சுட்டதும் கிழித்ததும் தெரியாமல் புண்ணாகித்தான் குறைகிறது என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மையம் 1955இல் வந்தாயிற்று. கதை நடக்கிற வாலாஜாவிலிருந்து பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரலாம். சந்திரனை ஏன் யாரும் அந்த பஸ்ஸில் ஏற்றவில்லை?

ஒரு பழைய ரெஜிஸ்டரைத் தைக்கக் கொண்டுவந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

“ஏம்மா, அது அந்தக் கால நம்பிக்கைம்மா. கதைக்கு ஒரு முடிவு வேணும் இல்லையா?” என்றார்.

“முடிவு வேணும்னா பஸ்ஸுல அடிபட்டுச் சாகட்டுமே அய்யா. நோயை ஏன் இழுக்கணும்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “உங்க நைனா எழுதினதைக் காட்டும்மா” என்று வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தடவை படித்தார். ரெஜிஸ்டருக்குப் பேசின காசுக்கு மேல் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று இப்போதுவரை தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். மு.வ. இரக்கமில்லாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ‘கரித்துண்டு’ நாவலில் கால் போன ஓவியன், அவனை விட்டு வேறொருவரோடு வாழப் போன மனைவி, நடைபாதையில் அவனோடு வாழ்கிற பொன்னி என்று ஊர் வாயில் மென்று துப்பக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு, யாரையும் துப்பாமல் கதை சொன்னவர் அவர்தான். அதனால்தான் சந்திரன் விஷயத்தில் ஏமாற்றம் கூடுதலாக இருக்கிறது. வேலய்யனின் சிநேகிதம் மட்டும் கடைசிவரை விட்டுப்போகவில்லை என்பது கொஞ்சம் ஆறுதல்.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். வட ஆற்காட்டில் பிறந்தவர்கள் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இருக்கிறது, ஆறு மாசமோ பன்னிரண்டு மாசமோ சாப்பிட்டால் குணமாகும், அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. பழைய புத்தகக் கடையில் தைத்த பிரதி கிடைத்தால், அட்டை கிழிந்திருந்தாலும் அதையே எடுங்கள். அட்டையை மாற்றுவது அரை மணி நேர வேலை.

புதுசுதான் கிடைக்கிறது என்றால் படிப்பதற்கு முன்பே பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். நான் என்னுடையதை அப்படித்தான் செய்தேன். மடிப்பைச் சீவிவிட்டதால் நடுவில் தைக்க வழியில்லை. ஓரத்தில் ஆறு துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலில் பக்கத் தையல் போட்டு, மைதா பசையில் காலிகோ துணி ஒட்டி, ராத்திரி முழுக்க பிரஸ்ஸில் வைத்தேன். இருக்கிற கொஞ்ச மார்ஜினிலும் கால் இஞ்சை நூல் தின்றுவிட்டது. எழுபதாவது பக்கத்தில் மட்டும் வரிக் கடைசியில் ஓர் எழுத்து தையலுக்குள் போய்விட்டது. என்ன எழுத்து என்று நைனாவின் புத்தகத்தைப் பார்த்து ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.