கம்ப்ரசரை எடுத்துவிட்டு நீர்மூழ்கி மோட்டார்: ஐந்து கோடை ஓட்டிய பிறகு

காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளில் போர்வெல்லுக்குள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் பழைய கம்ப்ரசர் செட் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். எங்கள் போர் ஆழம் 650 அடி, அகலம் ஆறரை இஞ்ச். 7.5 எச்.பி. கம்ப்ரசர், காற்றுக் குழாய் 600 அடியில். அதை எடுத்துவிட்டு 7.5 எச்.பி., 20 ஸ்டேஜ் (ஒன்றன்மேல் ஒன்றாக 20 இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) நீர்மூழ்கி மோட்டார் 580 அடியில் இறக்கி ஐந்து கோடை முடிந்துவிட்டது.

கம்ப்ரசர் ஏன் கோடையில் கைவிடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். காற்றுக் குழாயின் நீளத்தில் எவ்வளவு தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் தண்ணீர் மேலே வரும். 600 அடிக் குழாயில் நீர்மட்டம் 300 அடியில் இருந்தால் பாதி மூழ்கியிருக்கும், நன்றாகத் தள்ளும். மட்டம் 450 அடிக்கு இறங்கினால் கால்பங்குதான் மிச்சம். அப்போது காற்று தனியாகப் பிய்த்துக்கொண்டு வரும், தண்ணீர் துப்பும். மே மாதத்தில் 200 லிட்டர் டிரம் நிரம்ப 5 நிமிடம் ஆனது, அதாவது மணிக்கு 2,400 லிட்டர். அந்தத் தண்ணீரையும் தொட்டியில் விட்டு, இன்னொரு மோட்டார் வைத்துத்தான் சொட்டுநீருக்குத் தள்ள வேண்டும்.

விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் கம்ப்ரசர் தின்னும் கரண்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரம் அளவானது. அந்த நேரத்துக்குள் எத்தனை லிட்டர் என்பதுதான் கணக்கு. மாற்றியதும் அதே டிரம் 2 நிமிடம் 20 விநாடியில் நிரம்பியது. சொட்டுநீர்க் குழாய்க்கு வேண்டிய ஒன்று, ஒன்றரை கிலோ அழுத்தமும் நேராகக் கிடைத்தது. இரண்டாவது மோட்டார் தேவைப்படவில்லை.

கம்ப்ரசரைக் கழற்றும் முன் அதற்கு ஒரு கடைசி வேலை இருக்கிறது. சேறும் மணலும் போய்க் கண்ணாடியாகத் தண்ணீர் வரும்வரை அதை வைத்தே போரைக் கழுவிவிடுங்கள். கம்ப்ரசருக்குப் போருக்குள் சுழலும் பாகம் கிடையாது, சேற்றையும் அள்ளிவிடும். இம்பெல்லருக்கு மணல் அரம் மாதிரி.

மோட்டாரை விடக் கேபிளில்தான் அதிகம் கவனம் வேண்டும். போருக்குள் 580 அடி, கொட்டகை வரை 40 அடி, மொத்தம் ஏறக்குறைய 190 மீட்டர். நேரடி ஸ்டார்ட்டரில் 14 ஆம்பியர் ஓடும்போது 4 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் 12 வோல்ட்தான் போகும். லைனில் 415 வந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டி 350க்கு இறங்கும்போது மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் வயர்) கருகுவதும் தப்புவதும் இதில்தான் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பதென்றால் மோட்டாரிலிருந்து ஆறு வயர் மேலே வர வேண்டும், இரண்டு கேபிள் இறக்க வேண்டும்.

ஜாயிண்ட் போடும்போது மூன்று வயரையும் ஒரே இடத்தில் சேர்க்காமல் ஏற்றி இறக்கிப் போடச் சொல்லுங்கள். ரப்பர் டேப் சுற்றிய ஜாயிண்டை ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறவைத்து, மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகே இறக்க வேண்டும். இரண்டாம் வருடம் மோட்டாரைத் தூக்க வேண்டி வந்தது இதனால்தான். காயில் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கினால், டேப்புக்குள் தண்ணீர் ஏறி ஒரு வயர் பச்சை பூத்திருந்தது. காயில் நன்றாகவே இருந்தது.

பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். 580 அடிக்குப் பத்தடி நீளக் காலம் பைப் (மோட்டாரைத் தாங்கித் தண்ணீரை மேலே கொண்டுவரும் பைப்) 58 வேண்டும். ஓடும்போது அடிப் பைப்பில் 20 கிலோ அழுத்தம் இருக்கும், கேட் வால்வை மூடினால் இன்னும் ஏறும். 10 கிலோ அழுத்தம் தாங்கும் கருப்பு ஓஸ் இந்த ஆழத்துக்கு ஆகாது. தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால் முந்தின நாளே நல்ல தண்ணீர் ஊற்றி, ஆட்டி ஆட்டிக் காற்றை வெளியேற்றி மூடி போட வேண்டும். உள்ளே புஷ்ஷுக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய். ஓட்டியதும் தண்ணீர் குறைவாக வந்தால் பதறாமல் இரண்டு பேஸை மாற்றிப் பாருங்கள், தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி முக்கியமான சங்கதி. இங்கே கம்ப்ரசர் 7.5 என்பதால் மோட்டாரும் 7.5 என்றே வாங்கினோம். அது தப்பு. ஆறரை இஞ்ச் போரில் 100 அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் வெறும் 650 லிட்டர்தான். கோடையில் இந்தப் போரின் ஊற்று மணிக்கு 3,000 லிட்டர், மோட்டார் இழுப்பது 5,000. 450 அடியில் இருக்கும் மட்டம் 20 நிமிடத்தில் 550ஐத் தொட்டுவிடும், அதற்குப் பிறகு மோட்டார் காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும்.

தண்ணீர் இல்லாமல் ஓடும்போது ஆம்பியரைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பிரிவென்டர் இல்லாவிட்டால் முதல் கோடையிலேயே மோட்டார் போயிருக்கும். தண்ணீர் இழுக்கும்போது 13 ஆம்பியர், வறண்டால் 8. நடுவில் 10இல் வைத்து, நின்றால் 40 நிமிடம் கழித்துத் தானாக ஓடும்படி டைமர் வைத்தோம். ஆனால் ஓடி ஓடி நிற்பதும் மோட்டாருக்கு நல்லதில்லை, ஒவ்வொரு ஸ்டார்ட்டும் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஏப்ரல் வந்ததும் கேட் வால்வைத் திருகி, டிரம் 4 நிமிடத்தில் நிரம்பும் அளவுக்குக் குறைத்தபின் நிற்காமல் ஓடுகிறது. வால்வைக் குறைத்தால் ஆம்பியரும் 11க்கு இறங்கும். அதனால் பிரிவென்டரையும் 9க்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இருக்கும்போதே நின்றுவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு மட்டம் 200 அடிக்கு ஏறும்போதும் வால்வை முழுக்கத் திறக்கக் கூடாது. உயரம் குறைந்தால் பம்ப் அளவுக்கு மீறி இழுத்து ஆம்பியர் ஏறும், இம்பெல்லர் மேலே தூக்கி உரசும்.

நான்காம் வருடம் வால்வு முழுக்கத் திறந்தும் டிரம் நிரம்ப 3 நிமிடத்துக்கு மேல் ஆனது. தூக்கிப் பார்த்தால் சல்லடைத் துளைகளில் பாதி வெள்ளைக் காரையாக அடைத்திருந்தது. நம் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு இது சகஜம். கக்கூஸ் ஆசிட் ஊற்றினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே தின்றுவிடும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தேய்த்ததில் கழன்றுவிட்டது.

மறுபடி வாங்குவதென்றால் அதே உயரத்துக்கு 3,000 லிட்டர் தள்ளும் 5 எச்.பி. மோட்டாரே இந்தப் போருக்குச் சரி. எச்.பி. கூட்டுவதென்றால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து லோடு ஏற்ற வேண்டிய அலைச்சலும் உண்டு. மே மாதத்தில் உங்கள் போரில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தண்ணீர் எடுத்து டிரம்மில் அளந்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். அளக்கும்போது மணிக்கு ஆயிரம் லிட்டர்கூட நிற்கவில்லை, அல்லது கலங்கல் தெளியவே இல்லை என்றால் கம்ப்ரசரை விற்காதீர்கள். அந்தப் போருக்கு அதுதான் சரியான செட். பெல்ட்டும் வால்வு பிளேட்டும் மாற்றி, ஆயில் பார்த்து ஓட்டுங்கள்.