சி.டி.இ. டெஸ்க்டாப்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகும் எழுத்துதான் பிரச்சினை

பழைய லேப்டாப்பில் சி.டி.இ. (காமன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட், அதாவது ஜன்னல், மெனு எல்லாம் காட்டும் டெஸ்க்டாப் மென்பொருள்) போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் மெஷினில் ஹார்ட் டிஸ்க் போய், புதிது மாட்டி, டெபியன் லினக்ஸும் சி.டி.இ.யும் மறுபடி ஏற்றினால் அதே பழைய வியாதி. மெனுவில் எழுத்தெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்து நிற்கிறது, சில பட்டன்களில் பாதி வார்த்தைதான் தெரிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சன், எச்.பி., ஐ.பி.எம். எல்லாம் சேர்ந்து 1990களில் யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களுக்காகச் செய்த டெஸ்க்டாப், 2012இல் திறந்த மூலமாக வெளிவந்தது என்பதெல்லாம் கேட்டவருக்கே தெரியும். வேகத்தைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை, பறக்கும். என் தகராறு முழுக்க ஃபாண்டோடுதான்.

இன்றைய புரோகிராம்கள் எழுத்தைத் தாங்களே வரைந்து, ஓரத்தை மழுப்பி அனுப்புகின்றன. சி.டி.இ. அப்படியில்லை. இன்ன ஃபாண்ட், இன்ன அளவு என்று ஒரு நீளமான பெயரை எக்ஸ் சர்வரிடம் (திரையில் வரைகிற புரோகிராம்) கொடுக்கும், சர்வர்தான் தேடி எடுத்து வரைய வேண்டும். சர்வர் கையில் இருப்பதோ பிட்மேப், அதாவது ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் வைத்த படம். அடோபியின் ஹெல்வெட்டிகா 75 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 75 புள்ளி) தொகுப்பில் 8, 10, 12, 14, 18, 24 பிக்சல்களில் இருக்கிறது, 100 டிபிஐ தொகுப்பில் 11, 14, 17, 20, 25, 34. இந்த அளவுகளில் கேட்டால் அற்புதமான எழுத்து வரும்.

வினை எங்கே என்றால், சர்வர் ஃபாண்ட் டைரக்டரிகளை வரிசையாகத் தேடுகிறது. 17 பிக்சல் கேட்டு, வரிசையில் 75 டிபிஐ முன்னால் இருந்தால், அங்கே 17 இல்லையென்று அடுத்த டைரக்டரிக்குப் போக வேண்டாமா? போகாது. அங்கேயே கிடக்கிற வேறொரு அளவை இழுத்தோ நசுக்கியோ கொடுத்துவிடும். அச்சு அசலான 17 அடுத்த டைரக்டரியில் சும்மா இருக்கும். பிட்மேப்பை இழுத்தால் ஒரு கோடு தடிக்கும், பக்கத்துக் கோடு மெலியும், ஆங்கில 'e'யும் 'a'யும் ஒன்றுபோலத் தெரியும். இதை நாள் முழுக்கப் பார்த்தால் கண் எரிகிறது.

மருந்து ஒரே ஒரு சொல். ஃபாண்ட் பாதையில், அதாவது சர்வர் தேடும் டைரக்டரிகளின் பட்டியலில், ஒரு டைரக்டரி பெயரின் கடைசியில் ':அன்ஸ்கேல்டு' (:unscaled) என்று சேர்த்தால் அந்த டைரக்டரியில் இருக்கும் அளவை மட்டும் எடுக்கும், இழுக்காது. இரண்டு பிட்மேப் டைரக்டரிகளையும் இப்படி முதலில் வைத்து, அப்புறம் எந்த அளவிலும் வரைய முடிகிற வெக்டர் ஃபாண்ட், அதற்கும் பின்னால் சாதாரணப் பாதை. இதற்கெல்லாம் எக்ஸ்செட் (xset) கட்டளை போதும். ஆனால் அதை லாகின் ஸ்கிரிப்டில் எழுதி வைக்காவிட்டால் அடுத்த தடவை உள்ளே வரும்போது போச்சு.

பட்டனில் பாதி வார்த்தை தெரிவது வேறு கதை. சி.டி.இ. தனக்கென்று சில ஃபாண்ட் பெயர்களை வைத்திருக்கிறது, அவற்றை உண்மையான ஃபாண்டுக்கு மாற்றிக் கொடுப்பது ஒரு அலியாஸ் கோப்பு. அந்த டைரக்டரி பாதையில் இல்லையென்றாலும், அது காட்டும் ஃபாண்ட் ஏறவில்லையென்றாலும், கிடைத்த ஏதோ ஒரு ஃபாண்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும், அது பட்டனுக்குள் அடங்காமல் வார்த்தை வெட்டுப்படும். எந்த ஃபாண்ட் இல்லை என்று திரையில் ஒரு வரி காட்டினால் என்ன? எனக்கு ஆத்திரமே இதில்தான்.

அப்புறம் திரை. 1400x1050 எல்சிடியை 1024x768இல் ஓட்டினால் மேலே சொன்னது எதுவும் பயன்படாது, திரையே எல்லாப் புள்ளியையும் குழப்பிவிடும். திரையின் சொந்த ரெசல்யூஷனில்தான் ஓட்ட வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு டெர்மினலைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் மங்கலோ வண்ணச் சாயமோ கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் வைத்த இடத்தில் நிற்கும். இவ்வளவு கூர்மையான எழுத்தை சாதாரண எல்சிடியில் வேறு எந்த டெஸ்க்டாப்பிலும் நான் பார்த்ததில்லை. மணிக்கணக்கில் புரோகிராம் கோட் (code) படிக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். தமிழ் மட்டும் கேட்காதீர்கள், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான இந்த ஐஎஸ்ஓ 8859-1 ஃபாண்டுகளில் தமிழ் எழுத்தே கிடையாது.

இத்தனை புகழ்ந்தும், நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். வேலைக்கு இருக்கும் ஒரே மெஷின் அது என்றால் நிச்சயமாக வேண்டாம். இல்லை, போட்டே தீருவேன் என்றால் 75, 100 டிபிஐ ஃபாண்ட் பேக்கேஜ் இரண்டையும் முதலில் ஏற்றுங்கள், சி.டி.இ. அதற்குப் பிறகு. ஃபாண்ட் பாதை எழுதிய ஸ்கிரிப்டை வேறு டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள். என்னுடையது வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.