முழங்கால் தேய்மானம்: ஸ்டீராய்டு ஊசியா, பிசியோதெரபியா?

வலி சீக்கிரம் குறைய வேண்டுமென்றால் ஊசிதான். சில நாட்களில் வேலை காட்டும். பெரும்பாலும் சில வாரங்களில் வீரியம் வடிந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் ஊசிக்குப் பின் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும், தினமும் அளக்க வேண்டும். மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய 3 மாதங்களில் ஊசி வேண்டாம். தொற்று அபாயம் கூடும்.

அடிக்கடி போட்டால்? 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 140 பேர். 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. ட்ரையாம்சினலோன் (ஸ்டீராய்டு மருந்து) அல்லது வெறும் உப்புநீர் ஊசி, 2 ஆண்டுகள். வலியில் உப்புநீர் ஊசியைவிட மேலாக எதுவும் கிடைக்கவில்லை. குருத்தெலும்பு மட்டும் 0.21 மி.மீ. மெலிந்தது, உப்புநீர்க் குழுவில் 0.10.

2020-ல் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், 156 பேரிடம். வலி, விறைப்பு, அன்றாட இயக்கச் சிரமத்தை அளக்கும் வோமாக் அளவில் (0 முதல் 240, கூடினால் மோசம்) ஓராண்டு முடிவில் ஊசிக் குழு 55.8, பிசியோதெரபிக் குழு 37.0. ஊசி போட்டவர்களும் தேறினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை.

பிசியோதெரபியில் தரும் பயிற்சி சொதப்புவது அளவில்தான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்துங்கள், 10 முறை. தொடையின் முன்தசை இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வலி தணிந்ததும் விட்டுவிடுவதுதான் பலர் செய்வது. தசை பழையபடி தளரும்.

மூட்டு வீங்கி, காலை மடக்கவே முடியாதவருக்கு ஒரு ஊசி போட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.