மூன்று வருடமாக எக்ஸ்எம்பிபி வழியே பைப் போட்ட அனுபவம்

சர்வரில் லாக் (நிகழ்வுப் பதிவு) ஓடிக்கொண்டே இருக்கும், வேறு இடத்தில் இருக்கும் நண்பர் அதை அதே நேரத்தில் பார்க்க வேண்டும், இருவருமே ரவுட்டருக்குப் பின்னால், வெளியிலிருந்து நேராக இணைக்க முடியாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச் கணக்கு கொடுக்க மனமில்லை, போர்ட் திறக்கவும் வழியில்லை. அப்போது நிறுவியதுதான் கோ-சென்ட்எக்ஸ்எம்பிபி: எக்ஸ்எம்பிபி (ஜாபர் என்றும் சொல்வார்கள்) என்ற அரட்டை நெறிமுறை வழியே கட்டளை வரியிலிருந்து மெசேஜ் அனுப்பும் கருவி. மூன்று வருடம் ஆகிறது, இன்றும் தினமும் ஓடுகிறது.

கோப்பில் புதிதாகச் சேரும் வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும் டெயில் -எஃப் கட்டளைக்குப் பின்னால் ஒரு பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு), அப்புறம் கோ-சென்ட்எக்ஸ்எம்பிபி, அதோடு -ஐ (-i) என்ற விருப்பம், கடைசியில் நண்பரின் ஜாபர் முகவரி. லாக்கில் விழும் ஒவ்வொரு வரியும் ஒரு மெசேஜாகப் போய்விடும். அவர் பக்கம் அதே கருவியை -எல் (-l) போட்டுக் காத்திருந்தால் டெர்மினலில் இறங்கும், அங்கிருந்து உரையை அலசும் ஆக் (awk) கட்டளைக்கும் விடலாம். இரு பக்கமும் சர்வரை நோக்கி வெளியே போகும் இணைப்புதான், வழக்கமாக 5222 போர்ட். யாருடைய ஐபி எத்தனை முறை மாறினாலும் எனக்குத் தெரிய வேண்டியது அவருடைய முகவரி மட்டும்தான். இந்த நிம்மதிக்காகவே இதை விட மனம் வரவில்லை.

முதல் மாதம் படுத்தி எடுத்தது பஃபர், அதாவது தரவை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் இடம். பிழை வரிகள் மட்டும் போகட்டும் என்று நடுவில் வரிகளை வடிகட்டும் கிரெப் கட்டளையை வைத்தேன், அரைமணி நேரம் ஒன்றும் போகவில்லை, திடீரென்று நாற்பது வரி ஒன்றாகக் கொட்டியது. நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், சர்வரையே மாற்றிப் பார்த்தேன். விஷயம் கிரெப்பில் இருந்தது: வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்குப் போனால் அது வரிக்கு வரி அனுப்பாது, சில கிலோபைட் சேரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். --லைன்-பஃபர்ட் சேர்த்ததும் சரியானது. உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளை என்றால் -யு, பல மற்ற கருவிகளுக்கு ஸ்டட்பஃப் (stdbuf) -ஓஎல்.

இன்னொன்று அனுபவத்தில்தான் புரிந்தது. சாதாரண பைப்பில் படிப்பவர் தாமதித்தால் எழுதுபவர் நின்றுவிடுவார். லினக்ஸில் 64 கிலோபைட் நிறைந்ததும் நிற்கும். இங்கே அந்தப் பிடிப்பு மறுமுனை வரை போவதில்லை. நண்பர் ஆஃப்லைனில் இருந்த ஒரு ராத்திரி என் லாக் ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது, சர்வர் அத்தனையையும் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்து காலையில் அவர் ஃபோனில் ஆயிரக்கணக்கில் இறக்கிவிட்டது. பாவம் மனிதர். அதன்பிறகு அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை ஒன்றாக்கும் யூனிக் (uniq) வழியாக வடிக்காமல் எதையும் அனுப்புவதில்லை.

படம் போன்ற, உரையல்லாத பைனரிக்கு இது வேண்டாம். எழுத்துகளாக மாற்ற பேஸ்64 ஆக்கினால் மூன்று பைட் நான்காகிறது. ப்ரோசடி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரின் இயல்பான அமைப்பிலோ ஒரு பயனர் இணைப்புக்கு நொடிக்கு 10 கிலோபைட்தான் வேகம். ஒரு எம்பிக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கோப்பு என்றால் மேஜிக் வார்ம்ஹோல் எடுத்துக்கொள்கிறேன்.

வழியில் போகும் தரவை மறையாக்கும் டிஎல்எஸ் இருந்தாலும் சர்வர் நடத்துபவரால் வரிகளைப் படிக்க முடியும், ஆகவே கடவுச்சொல், டோக்கன் இருக்கும் வரிகளை செட் வைத்து முன்பே நீக்கிவிடுங்கள். -எல் வெளியீட்டை நேராக ஷெல்லுக்குள் (கட்டளைகளை இயக்கும் நிரல்) விடுவது மட்டும் கூடவே கூடாது; முகவரி தெரிந்த எவர் அனுப்பிய வரியும் உங்கள் கணினியில் கட்டளையாக ஓடிவிடலாம்.